சமஸ்கிருதம் என்றாலே கைகூப்பும் சாதகர்கள்: 15 நிமிட நாடகத்துக்குப் பிழையில்லாத சிரிப்பு வேண்டும்

மேடைத்தூண் கேட்டது:

யோகா மையம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு 15 நிமிட நகைச்சுவை நாடகம் எழுதுகிறேன். நான்கே பாத்திரங்கள்: ஒரு குரு, இரண்டு சாதகர்கள், ஒரு சமையல்காரர். அர்த்தம் தெரிகிறதோ இல்லையோ, சமஸ்கிருதம் காதில் விழுந்ததும் அந்தச் சாதகர்கள் கண்ணை மூடிக் கைகூப்பிவிடுவார்கள். இதுதான் கரு.

பார்வையாளர்களில் பாதிப் பேர் தினமும் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்பவர்கள். மீதிப் பேருக்கு ஆசனப் பெயர்களைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் சிரிக்க வேண்டும், யார் மனமும் புண்படக் கூடாது. வாய்க்கு வந்த ஒலியைக் கோத்து 'போலி மந்திரம்' செய்யவும் எனக்கு விருப்பமில்லை. மேடையில் ஒலிப்பது உண்மையான, இலக்கணம் சரியான சமஸ்கிருதமாக இருக்க வேண்டும். என்னென்ன சுலோகங்கள் பொருந்தும்? சமஸ்கிருதம் தெரியாத நடிகர்கள் எந்த இடத்தில் சறுக்குவார்கள்? சந்தியை வைத்த சிலேடையை விளக்கவுரை இல்லாமல் மேடையில் காட்ட முடியுமா?

சுவடிப்பெட்டி:

போலி மந்திரம் வேண்டாம் என்று முடிவு செய்தது மிகச் சரி. போலி ஒலியைக் கேட்டுச் சாதகர் கைகூப்பினால் நீங்கள் அவரை ஏமாற்றியதாகத்தான் ஆகும். உண்மையான சுலோகத்துக்குக் கைகூப்பி, அதன் பொருள் 'கொஞ்சம் தயிர் போடு' என்று தெரியவரும்போதுதான் சிரிப்பு வரும். அதற்கு ஏற்ற சுலோகங்கள் சமஸ்கிருதத்திலேயே நிறைய இருக்கின்றன.

முதலில் போஜராஜன், காளிதாசன் கதைகளோடு வழங்கிவரும் இது:

போஜனம் தேஹி ராஜேந்த்ர க்ருதஸூபஸமன்விதம் |
மாஹிஷம் ச ஶரச்சந்த்ரசந்த்ரிகாதவலம் ததி ||

'அரசே, நெய்யும் பருப்பும் சேர்த்துச் சாப்பாடு போடு. சரத்காலத்து நிலவைப் போல வெளுத்த எருமைத் தயிரும் போடு.' முழுக்க முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சுதான். ஆனால் 'ஶரச்சந்த்ரசந்த்ரிகாதவலம்' என்ற நீண்ட சொல் வரும்போது கேட்பவருக்கு அம்பாளைத் தியானிப்பது போலவே இருக்கும். முதல் சாதகர் கண்ணீர் விட வேண்டிய இடம் அதுதான். கடைசியில் 'ததி' என்று வந்ததும் சமையல்காரர் பேசாமல் தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்து வைக்கட்டும். மொழிபெயர்த்துச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது, வைராக்கியம் போலத் தொடங்கி மாமனார் வீட்டில் முடிவது:

அஸாரே கலு ஸம்ஸாரே ஸாரம் ஶ்வஶுரமந்திரம் |
ஹரோ ஹிமாலயே ஶேதே ஹரி: ஶேதே மஹோததௌ ||

'சாரமே இல்லாத இந்த சம்சாரத்தில் சாரமுள்ளது மாமனார் வீடு ஒன்றுதான். அதனால்தான் சிவன் இமயமலையில் படுத்திருக்கிறார், விஷ்ணு கடலில் படுத்திருக்கிறார்.' பார்வதியின் அப்பா இமவான், லட்சுமி பிறந்தது பாற்கடலில். இது நம் சபைக்கு விளக்காமலே புரியும். 'ஸாரம்' என்ற சொல்லுக்குப் பிறகு குரு மூன்று விநாடி நிறுத்த வேண்டும். இரண்டு சாதகர்களும் பிரம்மம், ஆத்மா என்று ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார்கள். அந்த இடைவெளியை விட்டால் சிரிப்பும் போய்விடும்.

மூன்றாவது மருத்துவருக்கு:

வைத்யராஜ நமஸ்துப்யம் யமராஜஸஹோதர |
யமஸ்து ஹரதி ப்ராணான் வைத்ய: ப்ராணான் தனானி ச ||

'நமஸ்துப்யம்' என்று வருவதால் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். 'வைத்தியரே, யமனுக்கு உடன்பிறந்தவரே, யமன் உயிரை மட்டும் எடுக்கிறான், நீர் உயிரோடு பணத்தையும் எடுக்கிறீர்' என்பது பொருள். பார்வையாளர்களில் மருத்துவர்கள் இருந்தால் முன்வரிசையில் உட்காரவைத்துவிடுங்கள், அவர்களே முதலில் சிரிப்பார்கள்.

மூன்றும் அனுஷ்டுப். சகஸ்ரநாமமும் பெரும்பாலும் அதே சந்தம்தான். ஆகவே அதே மெட்டில், அதே வேகத்தில் சொல்லவைக்கலாம். தினமும் பாராயணம் செய்பவர்களின் காது அந்த மெட்டுக்குப் பழகியது. அவர்கள் கையும் பாதி தூரம் உயர்ந்துவிடும்.

நீங்களே ஒரு வரி கட்ட வேண்டுமென்றால் கணக்கு இது. பாதத்துக்கு 8 அசை. ஐந்தாவது குறுகும், ஆறாவது நீளும். ஏழாவது, முதல் பாதத்தில் நீளும், இரண்டாவது பாதத்தில் குறுகும். குறிலுக்குப் பின் கூட்டெழுத்து வந்தால் அது நீண்டதாகவே கணக்கு. உதாரணத்துக்கு:

இட்டலீ நாஸ்தி ஹே பக்த தோஸா ஶ்வ: ஸம்பவிஷ்யதி |

'பக்தனே, இட்லி இல்லை, நாளைக்குத் தோசை உண்டாகும்.' எண்ணிப் பாருங்கள்: இட்‑ட‑லீ‑நாஸ்‑தி‑ஹே‑பக்‑த. ஐந்தாவது 'தி' குறில், ஆறாவது 'ஹே' நெடில், ஏழாவது 'பக்' நெடில் கணக்கு. இரண்டாம் பாதத்தில் 'வி' குறில்தான், ஆனால் அடுத்து 'ஷ்ய' வருவதால் நீண்டதாகிறது. சந்தம் ஓர் அசை தவறினாலும் மெட்டு தடுக்கும். பாராயணம் செய்பவர்கள் அதை உடனே பிடித்துவிடுவார்கள்.

வரிவடிவம்:

சுவடிப்பெட்டி ஐயா கட்டிய தோசை வரியில் ஓர் அபாயம் இருக்கிறது. அதையே அடுத்த சிரிப்பாக ஆக்கிக்கொள்ளலாம். 'ஶ்வ:' என்றால் நாளை. நடிகர் அதை 'ஸ்வ:' என்று சொல்லிவிட்டால் சொர்க்கம். 'பூர் புவ: ஸ்வ:' என்பதில் வரும் அதே ஸ்வ:. ஆக 'நாளைக்குத் தோசை உண்டாகும்' என்றது 'தோசை சொர்க்கமாகும்' என்று மாறிவிடும். இலக்கணப்படியும் அது தவறான வாக்கியம் இல்லை. குரு முதலில் சரியாகச் சொல்லட்டும், சாதகர் பிழையாகத் திருப்பிச் சொல்லட்டும், சமையல்காரர் இரண்டுக்கும் பொருள் சொல்லட்டும்.

இந்த ஶ, ஸ குழப்பத்துக்கென்றே பழைய சுலோகம் ஒன்று உண்டு. அப்பா மகனிடம் சொல்கிறார்: 'நிறையப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, மகனே, இலக்கணம் மட்டும் படி. ஸ்வஜனம் ஶ்வஜனம் ஆகிவிடக் கூடாது, ஸகலம் ஶகலம் ஆகிவிடக் கூடாது, ஸக்ருத் ஶக்ருத் ஆகிவிடக் கூடாது.' ஸ்வஜனம் சொந்தக்காரர்கள், ஶ்வஜனம் நாய்க்கூட்டம். ஸகலம் முழுமை, ஶகலம் துண்டு. ஸக்ருத் 'ஒருமுறை', ஶக்ருத் சாணம். யோகா மையம் என்பதால் இதோடு 'ஸ்வாத்யாயம்' சேர்த்துக்கொள்ளுங்கள். நியமங்களில் ஒன்றான அந்தச் சொல்லை 'ஶ்வாத்யாயம்' என்று சொன்னால் நாயைப் பற்றிய படிப்பு. அதோமுக ஶ்வானாசனம் தெரிந்தவர்களுக்கு 'ஶ்வா' நாய் என்பது ஏற்கெனவே பழக்கம், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நடிகர்களுக்குச் சொல்லித்தர: 'ஸ' சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லை ஒட்டி நிற்கும். 'ஶ' சொல்லும்போது நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழும்பும். 'ஷ' என்றால் நுனி மடங்கிப் பின்னே போகும். 'ஸ்வ, ஶ்வ' என்று மாற்றி மாற்றி இருபது முறை தினமும் சொல்லவையுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

அடுத்தது நம் எழுத்தாலேயே வரும் சறுக்கல். 'கதா' என்று தமிழில் எழுதினால் அது சமஸ்கிருதத்தில் குறைந்தது நான்கு சொல். சுலோகப் புத்தகங்களில் எண் போட்டு அச்சிடுவது அதற்காகத்தான்:

கதா³ – எப்போது
கதா² – கதை
க³தா – போனாள்
க³தா³ – கதாயுதம்

எண் இல்லாமல் அச்சிட்ட தாளை நடிகர் கையில் கொடுத்தால் தமிழ் வழக்கப்படிதான் படிப்பார். சொல்லின் நடுவில் வரும் க, த இரண்டும் நமக்கு இயல்பாகவே மென்மையாகிவிடும். எனவே 'ராமகதா' என்று எழுதியதைத் தமிழ் நாக்கு 'ராமக³தா³' என்று சொல்லும். ராமகதை கேட்க வந்தவருக்கு ராமனுடைய கதாயுதம் கிடைக்கும். 'ஜடா'வும் அப்படித்தான். சிவனின் சடைமுடியைக் குறிக்கும் சொல்லில் வருவது வன்மையான ட. நாம் மென்மையாகச் சொன்னால் மந்தம், ஜடம் என்ற பொருள் வந்து நிற்கும்.

மேடைக்கு ஒரு யோசனை. பெரிய சார்ட் தாளில், கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில், 'ராமகதா²' என்று எழுதிப் பிடியுங்கள். முதல் சாதகர் அந்த 2 என்பதை 'இருமுறை சொல்' என்று எடுத்துக்கொண்டு 'ராமகதாதா' என்று பக்தியோடு படிக்கட்டும். இரண்டாமவர் 'இல்லை, அது அடிக்குறிப்பு எண்' என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடட்டும். எண் போட்ட சுலோகப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்த எல்லாருக்கும் அந்தத் தடுமாற்றம் தெரிந்ததுதான். எவர் மனமும் புண்படாது.

மேடைத்தூண்:

தோசை சொர்க்கமாகும் வரியைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறேன். மிக்க நன்றி ஐயா, வரிவடிவம் அவர்களுக்கும் நன்றி. இன்னும் நிற்பது சந்திச் சிலேடை. 'மோதகை:' கதையை வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் சபைக்கு 'மா' என்றால் 'வேண்டாம்' என்று தெரியாதே?

கூத்தம்பலம்:

தெரியாததை முன்கூட்டியே விதைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதலில் கதையைச் சரியாக வைத்துக்கொள்வோம். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வருவது இது. சாதவாகன அரசன் ராணிகளோடு நீரில் விளையாடுகிறான். ஒரு ராணி 'மோதகைர் தேவ பரிதாடய மாம்' என்கிறாள். அரசன் கூடை கூடையாக மோதகம் கொண்டுவரச் சொல்கிறான். அவள் சொன்னது 'மா உதகை:', தண்ணீரால் அடிக்காதே என்று. ஆவும் உவும் சேர்ந்தால் ஓ ஆகும் என்பது சந்தி. ராணி சிரிக்க, அரசன் வெட்கத்தில் படுக்கையில் விழுகிறான். அப்போது அரசவையில் இருந்த குணாட்டியர் இலக்கணத்தை 6 ஆண்டில் கற்பிப்பதாகவும், சர்வவர்மர் 6 மாதத்தில் கற்பிப்பதாகவும் சொல்கிறார்கள். பந்தயத்தில் தோற்ற குணாட்டியர் சமஸ்கிருதத்தைக் கைவிட்டு, பைசாச மொழியில் பிருகத்கதை எழுதினார் என்று கதை தொடர்கிறது. நம் கொங்குவேளிரின் பெருங்கதைக்கு மூலம் அந்தப் பிருகத்கதைதான். சபையில் தமிழ் படித்தவர்கள் இருந்தால் இந்த ஒரு வரி அவர்களைக் கட்டிப்போடும்.

மேடையில் மூன்று படி. நாடகம் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே சாதகர் குருவின் காலைத் தொடப் போகட்டும். குரு கையை நீட்டி 'மா!' என்று தடுக்கட்டும். சாதகர் ஓடிப்போய் ஒரு கிண்ணம் மாவு கொண்டுவரட்டும். இது தமிழில் விழும் சிரிப்பு, கூடவே 'மா' என்றால் 'வேண்டாம்' என்பதும் சபையில் பதிந்துவிடும். ஐந்தாம் நிமிடத்தில் குரு 'உதகம்' என்று கேட்டு, சமையல்காரர் தண்ணீர்ச் செம்பை நீட்டட்டும். பத்தாம் நிமிடத்தில் சாதகர் பக்தி முற்றிக் குருவின் தலையில் அபிஷேகம் செய்யக் குடத்தோடு வரும்போது குரு 'மோதகை:! மோதகை:!' என்று கத்தட்டும். அடுத்த நொடியில் இருபுறமிருந்தும் கொழுக்கட்டை பறக்க வேண்டும். சரியாக அந்த இடத்தில் சமையல்காரர் ஒரு கையில் மாவுக் கிண்ணத்தையும் மறுகையில் செம்பையும் தூக்கிக் காட்டி இரண்டையும் சேர்த்துவைத்தால் போதும். சந்தி விளக்கமும் முடிந்தது, வசனமே தேவையில்லை.

எறிவதற்கு நிஜக் கொழுக்கட்டை வேண்டாம். உணவை எறிவது சபைக்கு முகம் சுளிக்க வைக்கும், எண்ணெய் பட்டால் மேடையும் வழுக்கும். பஞ்சு வைத்து வெள்ளைத் துணியில் முடிந்த உருண்டைகள் 8 போதும்.

பாராயணக் கூட்டத்துக்கு இன்னொன்று. சகஸ்ரநாமத்தில் 'பத்மநாபோऽமரப்ரபு:' என்று வருகிறது. அமரர்களின் தலைவன் என்று பொருள். முதல் அ மறைந்து அவக்கிரகக் குறி மட்டும் நிற்பதால் காதில் விழுவது 'மரப்ரபு'. குருவாயூரில் பக்தக் கவிஞர் பூந்தானம் அப்படியே 'மரப்பிரபு' என்று சொல்ல, நாராயணீயம் எழுதிய மேல்பத்தூர் பட்டத்திரி திருத்தினார். 'நான் மரத்துக்கும் பிரபுதான்' என்று குருவாயூரப்பன் குரல் கொடுத்தான் என்பது கேரளத்தில் வழங்கும் கதை. மலையாளத்திலும் தமிழிலும் மரம் மரமே என்பதால் இது மொழிபெயர்ப்பில்லாமல் வேலை செய்யும். இதை நாடகத்தின் பிற்பாதியில் வையுங்கள். அதுவரை அர்த்தம் தெரியாதவர் மேல் விழுந்த சிரிப்பு இங்கே திருத்த வந்தவர் மேல் திரும்பும். பக்தி உள்ளவர்கள் மனம் குளிர்ந்து சிரிக்கும் இடம் இது.

சுவடிப்பெட்டி:

கூத்தம்பலம் சொன்ன வரிசை அருமை. பாத்திரங்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பாணினீய சிட்சை என்ற உச்சரிப்பு நூல் ஓதுகிறவர்களில் மட்டமானவர்கள் ஆறு பேர் என்று ஒரு பட்டியல் தருகிறது: பாட்டாக இழுப்பவர், அவசரமாக ஓட்டுபவர், தலையை ஆட்டுபவர், எழுதியதைப் பார்த்துப் படிப்பவர், பொருள் அறியாதவர், குரல் எழும்பாதவர். உங்கள் இரண்டு சாதகர்களுக்கும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் இழுத்துத் தலையாட்டி உருகுபவர். மற்றவர் தாளைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்து ஓடுபவர். இரண்டு பேரும் ஒரே சுலோகத்தைச் சேர்ந்து சொல்லும்போது ஒருவர் முதல் பாதத்தில் நிற்க, மற்றவர் முடித்துவிட்டுப் பிரசாதம் எங்கே என்று பார்ப்பார்.

சமையல்காரரைச் சமஸ்கிருதம் அறிந்தவராக வைப்பதும் மரபுக்கு ஒட்டியதே. சமஸ்கிருத நாடகங்களில் நாயகனின் கோமாளித் தோழனான விதூஷகன் பிராகிருதம் பேசுவான். கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் அவன் மலையாளத்தில் பேசி, நாயகனின் சுலோகத்துக்கு எதிர்ச்சுலோகமும் சொல்வான். நாயகன் காதலியைப் பாடினால் இவன் சாப்பாட்டைப் பாடுவான். உங்கள் சமையல்காரரும் தமிழிலேயே பேசட்டும்.

துறவிகளைச் சிரிக்கவைத்துப் பார்த்ததில் பல்லவர் காலம் நமக்கு முன்னோடி. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் காஞ்சிபுரத்தில் நடக்கிறது. போதையேறிய காபாலிகன், அதாவது மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி, கள்ளுக்கடையை வேள்விச்சாலையாகவே வர்ணிப்பான்: கொடிக்கம்பம் யூபம் (வேள்வித்தூண்), கள்ளே சோமம், குடிகாரர்கள் ருத்விக்குகள் (வேள்விப் புரோகிதர்கள்), அவர்கள் உளறல் யஜுஸ், பாட்டு சாமம். உங்கள் சபைக்குக் கள் பொருந்தாது, ஆனால் அந்த உத்தி பொருந்தும். காலை டிபனை அதே பாணியில் வேள்வியாக வர்ணிக்கவிடுங்கள்: இட்லிப் பானை ஹோமகுண்டம், ஆவி ஹோமப்புகை, சாம்பார் ஆஹுதி.

பகவதஜ்ஜுகத்தில் ஓர் இடம் உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. மாமண்டூர்ப் பல்லவக் கல்வெட்டில் மத்தவிலாசத்தோடு சேர்த்துக் குறிப்பிடப்படும் நாடகம் அது. யோகி ஒருவர், பாம்பு கடித்து இறந்த கணிகையின் உடலில் புகுந்திருக்கிறார். வைத்தியர் வந்து பாம்பு மூன்று வகை என்று சுலோகம் சொல்லும்போது 'த்ரீணி ஸர்ப்பா:' என்கிறார். 'த்ரீணி' அலிப்பால் சொல், 'ஸர்ப்பா:' ஆண்பால். கணிகை உடனே 'த்ரய: என்று சொல்' என்று திருத்துகிறாள். வைத்தியர் மிரண்டுபோய், இவளைக் கடித்தது இலக்கணப் பாம்பு என்கிறார். மூன்று என்பதற்கு ஆண்பாலில் த்ரய:, பெண்பாலில் திஸ்ர:, அலிப்பாலில் த்ரீணி. இந்த மூன்றையும் முந்தைய காட்சியில் குரு விரல் விட்டு ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால், ஆழ்ந்த தியானத்தில் இருக்கும் சாதகர் யாரோ செய்த பிழைக்குக் கண் திறந்து 'த்ரய:!' என்று கத்துவதாக அமைக்கலாம்.

ஒலிக்கூடம்:

இரண்டு எச்சரிக்கை. சாதகர் வாயில் 'கணினிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம்தான், நாசாவே சொல்லிவிட்டது' என்ற வசனம் வைக்கத் தோன்றும். அந்தப் பேச்சுக்கு வேர், நாசா ஏம்ஸ் ஆய்வுமையத்தில் இருந்த ரிக் பிரிக்ஸ் 1985இல் 'ஏஐ மேகசின்' இதழில் எழுதிய கட்டுரை. சாஸ்திர அறிஞர்கள் ஒரு வாக்கியத்தைப் பிரித்து விளக்கும் முறை, செயற்கை நுண்ணறிவில் பொருளைக் குறிக்கும் வலையமைப்பு போல இருக்கிறது என்பதே அதன் பொருள். அது தனி ஒருவரின் கட்டுரை, நாசாவின் அறிவிப்பு இல்லை. வசனம் வைத்தால் சமையல்காரர் இதைச் சொல்லித் திருத்தட்டும், இல்லையென்றால் சபை அதை நிஜமென்று வீட்டுக்கு எடுத்துப்போகும்.

இன்னொன்று, காயத்ரியையோ யாராவது உபதேசமாகப் பெற்ற மந்திரத்தையோ சிரிப்புக்குத் தொடாதீர்கள். முதலில் சொன்ன மூன்று சுலோகங்களும் சிரிக்கவைக்கவே எழுதப்பட்டவை, அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் பாடலாம். 'ஸ்வ:' விளக்கும்போதும் 'சொர்க்கம்' என்ற பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒலிபெருக்கியில் 'ஶ', 'ஸ' வித்தியாசம் அடிபட்டுப்போகும். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கன்னத்தோரம், ஒரு சாண் தள்ளி வைத்தால் சீறல் குறையும், எழுத்து தனித்துக் கேட்கும். எதிரொலிப்பு வேண்டும் என்று யாராவது 'எக்கோ' போட்டால் தோசை வரியில் நாளையும் சொர்க்கமும் ஒன்றாகிவிடும்.

மேடைத்தூண்:

எக்கோ கிடையாது என்று ஒலி அமைப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: தயிர்ச் சட்டி வருவது 'ததி' என்ற சொல்லுக்கு முன்பா, பின்பா?

சுவடிப்பெட்டி:

பின்பு. 'தவலம்' வரை சட்டி திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். 'ததி' முடிந்து சாதகர் கையைத் தலைக்கு மேல் தூக்கியதும், அந்தக் கைகளிலேயே சட்டியை வைத்துவிடச் சொல்லுங்கள்.